எட்டாயிரத்துக்குள் எதெல்லாம் அடக்கம்?

ஆய்விதழுக்குக் கட்டுரை அனுப்பப் போகிற மாணவர்கள் "எத்தனை வார்த்தை சார்?" என்று கேட்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அந்த எண்ணுக்குள் எதெல்லாம் அடக்கம் என்பதையும் கேட்க வேண்டும். இதழுக்கு இதழ் இது அடியோடு மாறுகிறது.

பிசிக்கல் ரிவியூ லெட்டர்ஸ் என்ற இயற்பியல் இதழில் 3750 வார்த்தை. துணைநூற்பட்டியல் அதில் சேராது, ஆனால் படமும் சமன்பாடும் சேரும். படத்தின் அகல உயர விகிதத்தை வைத்து, அது இத்தனை வார்த்தைக்குச் சமம் என்று கணக்குப் போடுகிறார்கள். உயரமான படம் ஒன்று போட்டால் ஒரு பத்தியே போச்சு! பிளாஸ் ஒன் இதழில் நீளத்துக்கு எல்லையே கிடையாது.

நம் சமூக அறிவியல் ஆட்கள் கனவு காணும் எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லியில் சிறப்புக் கட்டுரைக்கு 8000. குறிப்புகளும் துணைநூற்பட்டியலும் அதற்குள்ளேயே. எண்பது நூல்களைக் காட்டினால், ஒன்றுக்கு 20 வார்த்தை வைத்தாலும் 1600 காலி.

எனக்கு உடன்பாடில்லாத இடம் இதுதான். இடம் போதாதபோது பெரிய பேராசிரியர்களின் பெயரில் யாரும் கை வைப்பதில்லை, இதழுக்காகக் கட்டுரையைப் படித்துக் கருத்துச் சொல்லும் மதிப்பீட்டாளர் "அவரை ஏன் விட்டீர்கள்?" என்று கேட்பாரே. வெட்டு விழுவது அச்சேறாத ஆய்வேட்டுக்கும், சிறு பதிப்பகம் போட்ட தமிழ் நூலுக்கும். தமிழ் நூல் என்றால் தலைப்பை ரோமன் எழுத்தில் ஒரு முறை, ஆங்கிலத்தில் ஒரு முறை எழுத வேண்டியிருக்கும். ஒரே நூலுக்கு இரட்டைச் செலவு. இணையத்தில் படிக்கப்படும் கட்டுரைக்குக் காகிதச் செலவு என்ற சாக்கும் இல்லை. பட்டியலைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள் என்பதே என் கட்சி.

கட்டுரையின் உடலுக்கு எல்லை இருக்கட்டும். மதிப்பீட்டாளர் பெரும்பாலும் சம்பளமில்லாமல் படிப்பவர். டி.என்.ஏ.வின் அமைப்பைச் சொல்லி 1953இல் நேச்சர் இதழில் வந்த வாட்சன், கிரிக் கட்டுரை ஒரு பக்கத்தைக் கொஞ்சம்தான் தாண்டியது. 1966இல் லேண்டரும் பார்க்கினும் கணித மேதை ஆய்லரின் ஊகம் ஒன்றை இரண்டே வாக்கியத்தில் உடைத்தார்கள். கணிதத்தில் ஓர் ஊகத்தை உடைக்க ஓர் எதிர் உதாரணம் போதும். களப்பணி ஆய்வை அப்படிச் சுருக்க முடியாது, அது வேறு விஷயம்.

அப்புறம், 8000 என்றால் 7300இல் நிறுத்தி அனுப்புங்கள். திருத்தம் கேட்டு வரும் கடிதத்தில் "இதையும் சேருங்கள்" என்பதுதான் அதிகம் இருக்கும். வேர்டு காட்டும் எண்ணில் அடிக்குறிப்பு சேர்ந்திருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள், அதற்கென்று தனியாக ஒரு டிக் இருக்கிறது.