தனுஷ்கோடியில் ஆள் இருக்கிறார்கள்

தனுஷ்கோடியில் ஆளே இல்லை என்று காட்டுகிற அந்த வீடியோவை இனிமேல் எனக்கு அனுப்பாதீர்கள், பார்த்துவிட்டேன். இடிந்த தேவாலயம், ரயில் நிலையத்தின் மொட்டைச் சுவர், திகில் இசை, ‘இங்கே மனுஷங்களே கிடையாது’ என்று ஒரு குரல். தேவாலயத்துக்குப் பக்கத்திலேயே ஓலைக் குடிசைகள் இருக்கின்றன. அவற்றில் மீனவக் குடும்பங்கள் இருக்கின்றன. பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளிக்கூடம் இருக்கிறது. தனுஷ்கோடியில் ஆள் இருக்கிறார்கள்!

1964 டிசம்பர் 22 ராத்திரி புயலில் பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் ரயிலைக் கடல் கொண்டுபோனது. நூறு பேருக்கு மேல் செத்தார்கள். வாழத் தகுதியில்லாத இடம் என்று அரசு அறிவித்தது. எல்லாம் உண்மை. ஆனால் ஊர் போனாலும் வடக்கிலும் தெற்கிலும் கடல் அங்கேதானே கிடக்கிறது? வாடைக்காற்றில் வடகடல் கொந்தளித்தால் தென்கடலில் தொழில் பார்க்கலாம். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்றில் தென்கடல் பொங்கினால் வடகடலுக்குப் போகலாம். மீனவனுக்கு இப்படி ஒரு இடம் லேசில் அமையாது. அதனால்தான் திரும்பிப் போனார்கள்.

என் பெரியம்மா அங்கே வாழ்க்கைப்பட்டவர். லீவுக்குப் போனால் கரைவலை இழுக்க எங்களையும் சேர்த்துக்கொள்வார்கள். கயிறு உள்ளங்கையை அறுத்துவிடும். தண்ணீர் வேண்டுமென்றால் பெரியம்மா மணலைக் கையால் தோண்டுவார். கடலுக்கு இத்தனை பக்கத்தில் நல்ல தண்ணீர் ஊறும்! சிரட்டையில் மொண்டு மொண்டுதான் குடத்தை நிரப்ப வேண்டும். அந்தத் தண்ணீரில் வைத்த மீன் குழம்பின் ருசி வேறு எங்கும் எனக்குக் கிடைத்ததில்லை.

‘அண்ணே, வீடியோ பார்த்துக் கூட்டம் வந்தா அவங்களுக்கு வியாபாரம்தானே’ என்று ஒரு தம்பி கேட்கிறார். சரிதான். சங்கு விற்கிறவர்களுக்கும் மீன் பொரித்துக் கொடுக்கிறவர்களுக்கும் நாலு காசு வருகிறது, மறுக்கவில்லை. அதற்காக அவர்களையே இல்லை என்று சொல்ல வேண்டுமா?

‘அரசாங்கமே தகுதியில்லைன்னு சொல்லிடுச்சே’ என்கிறார் இன்னொருவர். அப்படியென்றால் 2017இல் நிலம் முடிகிற அரிச்சல்முனை வரைக்கும் ரோடு திறந்தது யாருக்காக? சுற்றுலாக் கார் போவதற்குத் தகுதியான இடம், அங்கேயே பிறந்தவன் மின்சாரம் கேட்கும்போது மட்டும் எப்படித் தகுதியில்லாமல் போகும்? எத்தனை வருடமாக சோலார் விளக்கை வைத்தே காலம் தள்ளுகிறார்கள் தெரியுமா? இல்லாத ஆளுக்கு யாரும் பட்டா தரமாட்டார்கள். ‘ஆளே இல்லை’ என்று நீங்கள் ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் அந்த மறுப்புக்குத்தான் பலம் சேர்க்கிறீர்கள். எனக்குக் கோபம் அதில்தான்.

சாயங்காலமானால் வந்தவர்களையெல்லாம் போலீஸ் திருப்பி அனுப்பிவிடும். ராத்திரி அங்கே தங்குகிறவர்களை நீங்கள் பார்த்ததே இல்லை, பிறகு எப்படி இல்லை என்று சொல்கிறீர்கள்?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ரயிலில் போனவர்களைப் பற்றி எல்லோரும் பேசுகிறீர்கள். ஊருக்குள் வீட்டோடு போனவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பெரியம்மாவின் மாமனார் வீட்டிலும் அப்படிப் போனவர்கள் உண்டு. நீங்கள் திகில் இசை போட்டுக் காட்டிய சுவர்களுக்குள் அந்த மாதிரிக் குடும்பங்கள்தான் இருந்தன. அங்கே இருக்கிற பெரியவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், எது யார் வீடு என்று இப்போதும் கையை நீட்டிக் காட்டுவார்கள். அதைக் கேட்க அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது.