பேட்ஜ் சத்தம் போடாது

எக்ஸ்ரே டெக்னீஷியனாக முதல் வேலையில் சேர்ந்த அன்று, சீனியர் அண்ணன் ஒருவர் சின்ன பிளாஸ்டிக் பட்டை ஒன்றைக் கையில் கொடுத்து, "இந்தாம்மா, இதைக் கோட்டுல குத்திக்கோ. இனிமே பயமில்லை" என்றார். நம் மேல் படும் கதிர்வீச்சை அளக்கும் டி.எல்.டி. பேட்ஜ். தாயத்து கட்டிக்கொண்ட மாதிரி நானும் நிம்மதியாக இருந்தேன். அது எதையும் தடுக்காது என்று புரிய ஆறு மாதம் ஆனது.

பேட்ஜுக்குள் மூன்று வில்லைகள் இருக்கும். கதிர்வீச்சு பட்டால் அந்த ஆற்றலில் கொஞ்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பேட்ஜ் ஆய்வகத்துக்குப் போகும். அங்கே சூடாக்குவார்கள், வில்லை ஒளிவிடும், அந்த ஒளியை அளந்து இவ்வளவு டோஸ், அதாவது உடம்பு வாங்கிய கதிர்வீச்சு இவ்வளவு என்று எழுதி அனுப்புவார்கள். ஜனவரியில் என் மேல் பட்டது எனக்குத் தெரியவரும்போது கோடை வந்திருக்கும்.

முன்பு வேலை பார்த்த ஒரு மருத்துவமனையில் பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போன ஒருவர், லெட் ஏப்ரனை (கதிர்வீச்சைத் தடுக்கும் ஈய அங்கி) பேட்ஜோடு எக்ஸ்ரே அறைக்குள்ளேயே மாட்டிவிட்டுப் போய்விட்டார். லீவு முழுக்க நாங்கள் அதே அறையில் படம் எடுத்துக்கொண்டிருந்தோம். சில மாதம் கழித்து, டோஸ் அதிகம், விளக்கம் தரவும் என்று கடிதம் வந்தது. யாருக்கும் ஒன்றும் நினைவில்லை. ஊரில் உட்கார்ந்து கரும்பு கடித்துக்கொண்டிருந்த மனிதருக்கு டோஸ்! விளக்கம் எழுதியே ஓய்ந்து போனார் பாவம்.

இப்போது இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. போன மாதம் கல்பாக்கத்துக்குப் பக்கத்தில் சதுரங்கப்பட்டினத்தில் ஒரு விசேஷம். பந்தியில் பேச்சு அணு உலைப் பக்கம் போனது. எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர், "உள்ளே வேலை பாக்கிற எல்லாருக்கும் பேட்ஜ் குடுத்திருக்காங்க. அப்புறம் என்ன பயம்?" என்றார். சீனியர் அண்ணனின் அதே வாக்கியம். பந்தியில் விவாதம் செய்ய மனமில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

2003 ஜனவரி 21. கல்பாக்கத்தில் பாபா அணு ஆராய்ச்சி மையம் நடத்தும் மறுசுத்திகரிப்பு ஆலை. அணு உலையில் எரிந்து முடிந்த எரிபொருளை நறுக்கி, நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, அதிலிருந்து புளுட்டோனியத்தையும் யுரேனியத்தையும் பிரித்தெடுக்கும் இடம். இரண்டையும் எடுத்த பிறகு மிஞ்சுகிற திரவத்தில்தான் கதிரியக்கத்தின் பெரும்பங்கு இருக்கிறது. சீசியம், ஸ்ட்ரான்சியம் எல்லாம் அதில்தான். உயர்நிலைக் கழிவு என்று அதற்குப் பெயர். கனத்த காங்கிரீட் சுவருக்குள், துருப்பிடிக்காத எஃகுத் தொட்டியில் வைப்பார்கள். பிறகு கண்ணாடியோடு சேர்த்து உருக்கி, எஃகு உருளைகளில் ஊற்றி இறுகவைப்பார்கள். இன்னொரு பக்கம் கழுவிய நீர், துடைத்த நீர் என்று அளவில் அதிகமாகவும் கதிரியக்கத்தில் குறைவாகவும் வருகிற தாழ்நிலைக் கழிவு. அதைத் தனியாகச் சேர்த்து, வேதிமுறையில் சுத்தம் செய்து, அளந்து பார்த்து, நீர்க்கச் செய்து வெளியே விடுவார்கள்.

அன்றைக்கு ஊழியர்கள் போனது தாழ்நிலைக் கழிவில் சாம்பிள் எடுக்க. தினசரி வேலை. அவர்களுக்குத் தெரியாதது, ஒரு வால்வு பழுதாகி உயர்நிலைக் கழிவு இந்தப் பக்கம் வந்துவிட்டது என்பது. சாம்பிளை எடுத்தார்கள், கையாண்டார்கள். ஆய்வகத்தில் அதைச் சோதித்தபோதுதான் விஷயமே வெளிப்பட்டது. ஆறு பேருக்கு 280 முதல் 420 மில்லிசீவர்ட் வரை டோஸ். மில்லிசீவர்ட் என்பது டோஸை அளக்கும் அலகு. கதிர்வீச்சு வேலையில் இருப்பவருக்கு நம் நாட்டு வரம்பு ஐந்தாண்டுச் சராசரியாக வருடத்துக்கு 20. பொதுமக்களுக்கு 1. கணக்குப் போட்டுப் பாருங்கள், பதினான்கு முதல் இருபத்தோரு வருடத்துப் பங்கு ஒரே வேலையில்.

வால்வு பழுதாவது பெரிய அதிசயம் இல்லை. எந்தத் தொழிற்சாலையிலும் நடக்கும். என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியாதது வேறு. அந்தக் கழிவுத் தொட்டிப் பகுதியில் கதிர்வீச்சு மானிட்டரே பொருத்தப்பட்டிருக்கவில்லை. வால்வு பழுதானால் காட்டிக்கொடுக்க ஒரு கருவியும் இல்லை. ஆலை திறந்து நாலைந்து வருடம்தான் ஆகியிருந்தது. பழைய ஆலை, அந்தக் காலத்து வடிவமைப்பு என்ற சாக்குக்கும் இடமில்லை. அறைச் சுவரில் ஒரு மானிட்டர் இருந்திருந்தால் கதவைத் திறக்கும்போதே கத்தியிருக்கும். சாம்பிள் எடுக்கப் போனவர்கள் பாட்டிலைப் போட்டுவிட்டு ஓடி வந்திருப்பார்கள்.

அதற்குப் பிறகு நடந்தது இன்னும் கசப்பு. ஊழியர் சங்கம் முழுநேரப் பாதுகாப்பு அதிகாரி வேண்டும் என்பது உட்படக் கோரிக்கைகளை எழுதிக் கொடுத்தது. வேலைநிறுத்தம் வரை போனது. ஏறக்குறைய அரை வருடம் கழித்துத்தான் செய்தி பத்திரிகைக்கு வந்தது. ஆகஸ்டில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் இயக்குநரே, இந்திய அணுசக்தி வரலாற்றில் கதிர்வீச்சு பட்ட விபத்துகளில் இதுதான் மோசமானது என்று ஒப்புக்கொண்டார். கூடவே பழி யார் மேல் வந்தது தெரியுமா? ஊழியர்கள் அவசரப்பட்டுவிட்டார்கள், பேட்ஜ் போடவில்லை என்று.

பேட்ஜ்! போட்டிருந்தால் மட்டும் என்ன ஆகியிருக்கும்? டோஸ் எவ்வளவு என்பது இன்னும் துல்லியமாகத் தெரிந்திருக்கும். அவ்வளவுதான். பேட்ஜ் போடாதது தவறுதான், என் துறையிலும் அதற்குத் திட்டு உண்டு. ஆனால் வீட்டில் தீப்பிடித்தவனிடம், உன் வீட்டில் தெர்மாமீட்டர் இல்லை, அதனால்தான் எரிந்தது என்று சொல்வதா?

மேற்பார்வை விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் 1983 முதல் இருக்கிறது. ஆனால் 2000ஆம் ஆண்டிலேயே பாபா மையத்தின் நிலையங்கள் அந்த வாரியத்தின் கண்காணிப்பிலிருந்து விலக்கப்பட்டுவிட்டன. தன் நிலையங்களைத் தானே பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. வாரியத்தின் முன்னாள் தலைவர் ஏ. கோபாலகிருஷ்ணனே இதை வெளிப்படையாகக் கண்டித்தார். மூன்றே வருடத்தில் இந்த விபத்து. பரீட்சை எழுதியவனே பேப்பரையும் திருத்தினால் மார்க் எப்படி வரும் என்று என் பத்து வயது மகளுக்கே தெரியும்.

இந்த இடத்தில் எனக்கு அடிக்கடி ஞாபகம் வருவது பிரிட்டனின் செல்லாஃபீல்டு. அதுவும் 2022 வரை மறுசுத்திகரிப்பு நடந்த இடம்தான், கல்பாக்கத்தைவிடப் பல மடங்கு அழுக்கான வரலாறு உள்ளது. அவர்களை உத்தமர்கள் என்று சொல்ல வரவில்லை. 1994இல் அங்கே கழிவுநீரைச் சுத்தம் செய்யப் புது ஆலை திறந்தார்கள். புளுட்டோனியம் போன்றவற்றை அது நன்றாகப் பிடித்தது. டெக்னீஷியம்-99 என்ற கதிரியக்கப் பொருளை மட்டும் பிடிக்கவில்லை. தேங்கிக் கிடந்த பழைய கழிவை அந்த ஆலை வழியே விட ஆரம்பித்ததும் ஐரிஷ் கடலில் டெக்னீஷியம் கூடியது. சிங்கி இறாலின் உடம்பில் அது சேர்ந்துகொண்டே போனது. நார்வேக் கரை வரைக்கும் கடற்பாசியில் தெரிந்தது. அயர்லாந்தும் நார்வேயும் சண்டைக்கு வந்தன. கடைசியில் 2003, 2004இல் ஒரு வேதிப்பொருளைச் சேர்த்து டெக்னீஷியத்தை வீழ்படிவாக்கிப் பிடித்துவிட்டார்கள். அளவு மளமளவென்று குறைந்தது.

இத்தனைக்கும் அந்தச் சிங்கி இறாலைச் சாப்பிட்டவர்களுக்குக் கிடைத்த டோஸ் வரம்புக்குள்தான் இருந்தது. வரம்புக்குள் இருக்கிறது, பேசாமல் போங்கள் என்று சொல்லி முடித்திருக்கலாம். முடியவில்லை. காரணம், எண் வெளியே இருந்தது. அங்கே உணவுத் துறையும் சுற்றுச்சூழல் துறையும் தாங்களே மீன், நண்டு, சிங்கி இறால், பால் என்று சாம்பிள் எடுத்து, எந்த ஊர்க் கரையில் எதில் எவ்வளவு என்று வருடாவருடம் புத்தகமாகவே போடுகின்றன. ஆலைக்காரர் சொல்லும் கணக்கை மட்டும் நம்பி யாரும் இல்லை. கல்பாக்கத்தில் ஆறு பேர் டோஸ் வாங்கி, அது ஊருக்குத் தெரியாமல் மாதங்கள் ஓடிய அதே 2003இல்தான் அங்கே இந்தக் கதை முடிவுக்கு வர ஆரம்பித்தது.

நம் ஊரில் அளப்பதே இல்லை என்று சொல்லமாட்டேன். அது பொய். ஒவ்வொரு அணுமின் நிலையத்துக்கும் சுற்றுச்சூழல் ஆய்வகம் ஒன்று உண்டு. உலை ஓட ஆரம்பிப்பதற்கு முன்பிருந்தே மண், தண்ணீர், மீன், பால், காய்கறி எல்லாவற்றிலும் சாம்பிள் எடுப்பார்கள். பால் எதற்கு என்று கேட்கலாம். மாடு ஊரெல்லாம் மேய்ந்து சேர்த்துக் கொண்டுவரும், புல்லில் படிந்த கதிரியக்க அயோடின் இரண்டொரு நாளில் பாலில் வந்துவிடும். நல்ல வேலை, கவனமாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்த ஆய்வகமும் பாபா மையத்தின் கீழ்தான். ஒழுங்குமுறை வாரியத்தின் ஆண்டறிக்கையில் பொதுமக்களுக்கான டோஸ் வரம்பைவிட மிகக் குறைவு என்று ஒரு படம் வரும். எனக்கு அது புரியும். பக்கத்து மீனவ ஊரான கொக்கிலமேட்டில் வலை பின்னுகிறவருக்கு? அவர் பிடித்த மீனைப் பற்றித்தானே அந்தப் படம்.

இன்னொரு பக்கத்தையும் திட்டியாக வேண்டும். கல்பாக்கம் பக்கம் யாருக்குப் புற்றுநோய் வந்தாலும் உடனே உலையைக் காட்டுகிற வாட்ஸ்அப் நிபுணர்கள் எனக்குப் பிடிப்பதில்லை. வயிற்று வலி என்று வந்தவரைக் கேள்வி கேட்காமல் சி.டி. ஸ்கேனுக்கு அனுப்பினால் பத்து மில்லிசீவர்ட் அளவுக்குப் போய்விடும். அதற்கு யாரும் போராட்டம் நடத்தவில்லை. ஆனால் ஒன்று, வதந்தி வளர்வது எண் இல்லாத இடத்தில்தான். நான் கேட்பது மிகச் சின்ன விஷயம். கழிவு இருக்கும் ஒவ்வொரு அறையிலும் சத்தம் போடுகிற மானிட்டர். ஆலைக்குச் சம்பந்தமில்லாத கை ஒன்று எடுக்கிற சாம்பிள். அந்தக் கரை மீனில் இந்த மாதம் எவ்வளவு, வரம்பு எவ்வளவு என்று ரேஷன் கடைச் சுவரில் தமிழில் ஒரு தாள்.

விசேஷம் முடிந்து, சாயங்காலம் டச்சுக் கோட்டைப் பக்கம் நடந்தோம். சீசியத்தின் அரை ஆயுள், அதாவது அதன் கதிரியக்கம் பாதியாகக் குறைய ஆகும் காலம், முப்பது வருடம். பத்து அரை ஆயுள் கழிந்தால் ஆயிரத்தில் ஒரு பங்காகும். அதனால்தான் திடக்கழிவைப் புதைக்கும் காங்கிரீட் அகழிகளைச் சுற்றி முன்னூறு வருடக் கணக்கில் கண்காணிக்க வேண்டும் என்கிறார்கள். போர்வெல் போட்டு, நீரெடுத்து, எழுதிக்கொண்டே இருக்க வேண்டும், பத்துப் பன்னிரண்டு தலைமுறைக்கு. முன்னூறு வருடத்துக்கு முன்னால் இதே கரை டச்சுக்காரர்கள் கையில் இருந்தது. கோட்டைக்குள் அவர்களுடைய கல்லறைகள் இன்னும் இருக்கின்றன. பெரிய பெரிய கற்கள், அருமையான செதுக்கல். மகள் ஒரு கல்லில் விரல் வைத்து எழுத்துக்கூட்டிப் பார்த்தாள். எழுத்து அழியவே இல்லை, அவ்வளவு தெளிவு. "என்னம்மா எழுதியிருக்கு?" என்றாள். டச்சில் எழுதியிருந்தது.