இரண்டு இரவு ஹோட்டல் எதற்கு?

பேரப்பிள்ளைகளோடு நகரத்தைச் சுற்ற இரண்டு இரவு ஹோட்டலும் வாடகைக் காரும் வேண்டும் என்று ஒரு பயணக் கட்டுரையில் படித்தேன். எங்கள் மார்த்தாண்டம் பக்கத்தில் இரண்டுமே தேவையில்லை. குழித்துறையில் காலை ரயில் ஏறினால் திருவனந்தபுரம், ராத்திரி வீட்டில் வந்து தூங்கலாம். 5 வயது ஆகாத பிள்ளைக்கு டிக்கெட்டும் கிடையாது.

சனிக்கிழமை மிருகக்காட்சிசாலை. 1857-இல் தொடங்கியது, நல்ல மர நிழல், நேப்பியர் மியூசியமும் அதே வளாகத்தில்தான். சாப்பாட்டுக்குத் தம்பானூர் இந்தியன் காபி ஹவுஸ். கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் வடிவமைத்த வட்டக் கட்டடம் அது. உள்ளே தரையே சுற்றிச் சுற்றி மேலே ஏறும், மேசையும் பெஞ்சும் அதன் ஓரமாகவே கட்டியிருக்கும். எங்கள் சின்னவன் உச்சி மேசைக்குப் போனால்தான் உட்காருவான். விலையும் கையைக் கடிக்காது.

ஞாயிறு கிழக்கேகோட்டை. பத்மதீர்த்தக் குளத்துப் பக்கம் மேத்தன் மணி இருக்கிறது, தாடிக்காரர் முகம் வைத்த பழைய கடிகாரம். மணி அடிக்கும்போது அந்தத் தாடிக்காரர் வாயைத் திறப்பார், இரண்டு ஆட்டுக்கிடா பொம்மைகள் வந்து கன்னத்தில் முட்டும். கொஞ்சம் முன்னாலேயே போய் நின்றுகொள்ளுங்கள், பிள்ளைகளுக்கு அதைத் தவறவிட்டால் தாங்காது. பக்கத்திலேயே குதிரைமாளிகை என்ற பழைய அரண்மனை. அப்புறம், பத்மநாபசுவாமி கோயிலுக்குள் போவதென்றால் ஆண்கள் வேட்டிதான் கட்ட வேண்டும், சட்டை போடக் கூடாது. வேட்டியை வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள், அங்கே வாடகை கொடுக்க வேண்டாம்.

திங்கள் லீவு சேர்ந்து வந்தாலும் அன்றைக்குப் போகாதீர்கள். மிருகக்காட்சிசாலை, மியூசியம் இரண்டுக்கும் அன்று விடுமுறை.