எடை குறையும்வரை ஏன் காத்திருக்க வேண்டும்?
"முதலில் எடையைக் குறையுங்கள், நெடுந்தூர விளையாட்டைப் பிறகு யோசிக்கலாம்" என்று எடை கூடியவர்களுக்கு இந்தக் கட்டுரையை எழுதியவர் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. நான் 104 கிலோ எடையோடுதான் சைக்கிள் ஏறினேன். உடலை இருக்கை தாங்கிக்கொள்வதால், ஓட்டத்தைவிட முழங்காலுக்கு அடி குறைவு. 200 கிலோமீட்டர் பிரெவே, அதாவது குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் பயணத்துக்கு, 13 மணி 30 நிமிடம் தருகிறார்கள். நின்று சாப்பிடும் நேரமும் அதில் அடக்கம், மணிக்குச் சராசரியாக 15 கிலோமீட்டர் போதும். எடை நூறுக்குக் கீழே இறங்காமலேயே இரண்டு முறை முடித்துவிட்டேன். உண்மையான தொல்லை தொடை உராய்வுதான் (வாசலின் தடவாமல் கிளம்பவே கூடாது), அடுத்தது நம் அளவில் கிடைக்காத ஜெர்சி. சைக்கிள் ஓட்டினால் முழங்கால் வலிக்கிறது என்பவர் இருக்கையின் உயரத்தை முதலில் சரிபார்க்கட்டும். என்னுடையது மிகவும் தாழ்வாக இருந்தது, உயர்த்திய பிறகு வலி நின்றுவிட்டது.