உலோகம் நுழையக் கூடாத பாறை

எல்பே ஆற்றுப் பள்ளத்தாக்கில் பாறை ஏறுவதைப் பற்றி எழுதினாலே யாராவது வந்து, "பிளவில் உலோகக் கருவி கூடாது, கையில் பொடி கூடாது என்கிற அந்தக் கிறுக்குத்தனமான விதிகளை இன்னுமா பிடித்துத் தொங்குகிறார்கள்?" என்று கேட்டுவிடுகிறார்கள். தொங்கட்டும் என்பதுதான் என் கட்சி.

ஜெர்மனியின் டிரெஸ்டனிலிருந்து பாட் ஷண்டாவுக்கு ரயில் ஆற்றை ஒட்டியே போகிறது. காட்டுக்கு மேலே தலைநீட்டி நிற்கும் மணற்கல் கோபுரங்களில் ஏறத்தக்கவை மட்டுமே ஆயிரத்துக்கும் அதிகம். அவற்றுள் ஒன்றான ஃபால்கன்ஸ்டைனில் 1892இல் ஆஸ்கார் ஷூஸ்டர் கண்ட வழி இன்றும் அவர் பெயரிலேயே வழங்குகிறது. அதன் கடினத் தரம் வெறும் மூன்று. உள்ளரங்கச் சுவர்களில் அதைவிடக் கடினமானவற்றை அநாயாசமாக ஏறுகிறவர்கள், இங்கே முதுகை ஒரு சுவரிலும் பாதங்களை எதிர்ச்சுவரிலும் முட்டுக்கொடுத்து நகரும்போது வாயடைத்துப் போவதைப் பார்த்திருக்கிறேன்.

காரணம் உயரமன்று. பிளவில் விரிந்து பிடித்துக்கொள்ளும் உலோகக் கருவிகளுக்கு இங்கே அனுமதியில்லை. நாடாவில் முடிச்சுப் போட்டு, அதைப் பிளவுக்குள் விரலாலோ மரக்குச்சியாலோ திணிக்க வேண்டும். விழுந்தால் அந்த முடிச்சுதான் தாங்க வேண்டும். கயிற்றை மாட்டப் பாறையில் பதித்த இரும்பு வளையங்கள் உண்டு. ஆனால் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே மனம் பல ஊர் சுற்றி வந்துவிடும்.

"பாரம்பரியத்துக்காக உயிரைப் பணயம் வைப்பதா?" என்பது நியாயமான கேள்வி. வளையத்துக்கு வெகு மேலே கை நழுவினால் ஆபத்துதான், மறுக்கவில்லை. ஆனால் விதிகளைப் பாரம்பரியம் என்று மட்டும் பார்ப்பது பாதிப் பார்வை. ருடால்ஃப் ஃபெர்மன் போன்ற பாறையேறிகள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவற்றை வகுத்தார்கள். இந்தக் கல்லோ மெத்தென்றது, உலோகம் உரசினால் விளிம்பு உதிர்ந்துவிடும். மழையில் நனைந்தால் இன்னும் வலுவிழக்கும். அதனால்தான் ஈரப் பாறையில் ஏறவும் தடை. பார்பரினே என்ற ஊசிப்பாறையில் ஃபெர்மனும் ஆலிவர் பெர்ரி-ஸ்மித்தும் 1905இல் ஏறினார்கள். அரிப்பு முற்றியதால் 1975 முதல் அதில் யாருமே ஏறக் கூடாது. இதற்குப் பிறகுமா சான்று வேண்டும்?

வியர்வைக்குப் பூசும் வெள்ளைப் பொடிக்கான தடைதான் எனக்கும் எரிச்சல் தருவது. ஜூலை வெயிலில் உள்ளங்கை வழுக்கும்போது விதி வகுத்தவர்களை மனத்துக்குள் திட்டியிருக்கிறேன். ஆனாலும் பாறையெங்கும் வெள்ளைக் கைத்தடங்கள் பரவிய வேறு இடங்களைப் பார்த்த பிறகு வாதாட மனமில்லை.

முன்னால் ஏறத் துணிவில்லையா, துணிந்தவர் கயிற்றில் பின்னால் ஏறலாம். அதில் அவமானம் ஒன்றுமில்லை. கயிறு மாட்டும் போல்ட்டுகளை நெருக்கமாக அடித்த பாறைதான் வேண்டும் என்றால், பவேரியாவில் ஃபிராங்கன்யூரா இருக்கிறது. நல்ல சுண்ணாம்புக்கல், ஆயிரக்கணக்கில் வழிகள். நானும் அங்கே போகிறவன்தான்.