தலையை வெளியே நீட்டியவரின் போர்

செப்டம்பர் வந்தால் அசல் உத்தர், டிசம்பர் வந்தால் பசந்தர் என்று பாகிஸ்தானோடு நடந்த டாங்கிச் சண்டைகளின் படங்கள் முகநூலில் வரத் தொடங்கிவிடுகின்றன. 1965-இல் பஞ்சாபின் கேம் கரன் பக்கத்தில் நீர் பாய்ச்சிய கரும்பு வயல்களின் சேற்றில் சிக்கிய பாகிஸ்தானின் பேட்டன் டாங்கிகளின் படமும், அதன் கீழே எதிரி இழந்த டாங்கிகளின் கணக்காக 97 என்ற எண்ணும் தவறாமல் இடம்பெறும். அந்த எண்ணோடு எனக்குத் தகராறு எதுவும் இல்லை. கைப்பற்றிய டாங்கிகளை நிறுத்திவைத்த இடத்துக்குப் பேட்டன் நகர் என்றே பெயர் வந்தது என்றால் பெருமைப்படுவதற்குக் காரணம் இருக்கத்தான் செய்கிறது. என் மனக்குறை வேறு. ஒரு டாங்கிக்குள் நான்கு பேர் இருந்தார்கள் என்பதை அந்தப் பதிவுகளை எழுதுகிறவர்களும் நினைப்பதில்லை, அவற்றைப் பகிர்கிறவர்களும் நினைப்பதில்லை.

என் பெரியப்பா 1965 போரில் சியால்கோட் முனையில் செஞ்சுரியன் டாங்கி ஒன்றில் லோடராக, அதாவது பீரங்கிக்குள் ஷெல் ஏற்றுபவராக, இருந்தவர். எண்பதைத் தாண்டிவிட்டார். மேசை இழுப்பறையை மூடும்போது அவர் விரல் நுனியால் தள்ளுவதே இல்லை. கையை இறுக மூடி முட்டியால்தான் தள்ளுவார். சிறு வயதில் அதைக் கோபம் என்று நினைத்துப் பயந்திருக்கிறேன். ஷெல்லைப் பீரங்கியின் பின்வாய்க்குள் செலுத்தி முடிக்கும் கடைசித் தள்ளலை மூடிய கையால் செய்ய வேண்டும் என்பது லோடருக்குச் சொல்லித்தரப்படும் முதல் பாடம். ஷெல் உள்ளே போய் உட்கார்ந்த கணமே அடைப்புக்கட்டை தானாக வந்து வாயை மூடும். விரல் நீட்டியிருந்தால் விரல் போய்விடும். அறுபது ஆண்டுகளுக்கு முன் கற்ற அந்தப் பாடம் இன்னும் அவர் கையில் இருக்கிறது. எந்த ரெஜிமென்ட் வரலாற்று நூலிலும் அது ஒரு வரியாகக்கூட இடம்பெறாது.

செஞ்சுரியனில் யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். டிரைவர் முன்னால் வலப்புறம் தனியாக இருப்பார்; மூடியைச் சாத்திவிட்டால் அவருடைய உலகம் பெரிஸ்கோப் காட்டும் ஒரு கை அகலத் துண்டு மட்டுமே. மேலே சுழலும் கோபுரத்தில் பீரங்கிக்கு வலப்பக்கம் கன்னர். அவர் பார்ப்பது குறிநோக்கியின் வட்டத்தை. அவருக்குப் பின்னால், சற்று உயரத்தில் கமாண்டர். பீரங்கிக்கு இடப்பக்கம் லோடர். லோடருக்கும் தலைக்கு மேலே ஒரு பெரிஸ்கோப் உண்டு என்றாலும், அறுபதுக்கும் மேற்பட்ட ஷெல்களில் எது எங்கே செருகியிருக்கிறது என்று தேடி எடுத்து, 84 மி.மீ. பீரங்கியில் ஏற்றி, விலகி நின்று ‘லோடட்’ என்று கத்துவதற்கிடையில் வெளியே பார்க்க அவருக்கு ஏது நேரம்? வண்டி ஓடும்போதும் குழாயை இலக்கிலேயே நிறுத்திவைக்கும் கருவி செஞ்சுரியனில் இருந்தது. கன்னருக்கு அது வரம். லோடருக்கோ, தான் நிற்கும் தரை குலுங்கி ஏறி இறங்க, பீரங்கியின் பின்பகுதி முகத்துக்கு நேரே மேலும் கீழும் பாய்கிற ஒரு மிருகம். சுட்டு முடித்ததும் சூடான காலி உறை தரையில் விழும். வெடிமருந்துப் புகை தொண்டையை அடைக்கும்.

கமாண்டர் ஒருவர்தான் தலையை வெளியே நீட்டிப் போரைப் பார்த்தவர். நம் கமாண்டர்கள் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டே சண்டையிட்டார்கள் என்பது அவர்களின் துணிச்சலுக்குச் சாட்சி. அதில் உயிரை விட்டவர்கள் பலர். ஆனால் பார்த்தவர் எழுதினார் என்பதால், டாங்கிப் போரின் வரலாறு என்று நம்மிடம் இருப்பது பெரும்பாலும் மூடிக்கு மேலே நீண்டிருந்த தலையின் வரலாறாகவே ஆகிவிட்டது. போதாக்குறைக்கு, அந்தத் தலை அநேகமாக ஓர் அதிகாரியின் தலை. எழுதிய மொழி ஆங்கிலம். மூடிக்குக் கீழே இருந்த மூவரின் போர் தமிழிலும் பஞ்சாபியிலும் ராஜஸ்தானியிலும் வீட்டுத் திண்ணைகளில் சொல்லப்பட்டு அங்கேயே கரைந்துகொண்டிருக்கிறது.

இதைச் சொன்னால் தியாகிகளைக் குறைத்துப் பேசுவதாகச் சிலர் கோபப்படுகிறார்கள். 1971 டிசம்பர் 16 அன்று பசந்தர் சண்டையில் பூனா ஹார்ஸ் டாங்கி ரெஜிமென்ட்டின் இரண்டாம் லெப்டினென்ட் அருண் கேத்தர்பால் 21 வயதில் உயிர் நீத்தார். பரம்வீர் சக்ரம் பெற்றார். டாங்கி எரியத் தொடங்கிய பிறகும் அவர் வெளியேற மறுத்ததைப் படிக்கும்போது எனக்கும் உடல் சிலிர்க்கிறது. அந்த டாங்கிக்கு ஃபமகுஸ்தா என்று பெயர் என்பதுகூடப் பலருக்குத் தெரியும். அதில் இன்னும் மூன்று பேர் இருந்தார்கள், அவர்களில் ஒருவரும் மாண்டார் என்று சொல்லக்கூடியவர்கள் எத்தனை பேர்? டிரைவர் ஓட்டாமல் டாங்கி களத்துக்கு வருவதில்லை. ஷெல் ஏறாமல் பீரங்கி சுடுவதில்லை. கமாண்டர் பின்வாங்க மறுத்தார் என்றால், அவரோடு மூன்று பேர் அந்த இரும்புக்குள் தங்கள் வேலையைத் தொடர்ந்து செய்தார்கள் என்று பொருள். இப்படிச் சொல்வதால் அவருடைய வீரம் ஒரு குன்றிமணியும் குறையாது.

லோடர் எதையும் பார்க்காதவர் என்றேன். அதனால் அவருக்குப் போரைப் பற்றி எதுவும் தெரியாது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. வயர்லெஸ் பெட்டியும் அவர் பொறுப்பில்தான் இருந்தது. லோடருக்கு ஆபரேட்டர் என்பது இன்னொரு பெயர். ஸ்குவாட்ரன் என்ற டாங்கிக் குழு முழுவதும் பேசிக்கொள்வது அவர் காதில் விழுந்துகொண்டே இருக்கும். யார் முன்னேறுகிறார், யாருடைய ட்ராக், அதாவது சக்கரங்களைச் சுற்றி ஓடும் இரும்புப் பட்டை, கழன்றுவிட்டது, யாருக்கு ஷெல் தீர்ந்துகொண்டிருக்கிறது என்பதெல்லாம் அவருக்கு ஒலியாகவே தெரிந்தது. ஒரு டாங்கியை அதன் அழைப்புக்குறியைச் சொல்லித் திரும்பத் திரும்பக் கூப்பிட்டும் பதில் வராமல் போனதையும் முதலில் அறிந்தவர் அவரே. பெரியப்பா எந்தச் சண்டையையும் காட்சியாகச் சொல்லமாட்டார். “மூணு தடவை கூப்பிட்டோம்” என்பார். அதற்கு மேல் அவரைத் துருவக் கூடாது என்பதை வீட்டில் எல்லோரும் அனுபவத்தில் கற்றிருக்கிறோம்.

ஆனால் ட்ராக் மாட்டியதைப் பற்றிக் கேட்டால் நாள் முழுதும் பேசுவார். டாங்கியில் வேலை செய்த யாரிடம் பேசினாலும் இதைக் காணலாம். சுட்ட கதை பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். பராமரித்த கதை முடியவே முடியாது. பகல் முழுதும் சண்டை. இருட்டியதும் பின்வாங்கி லீகர் எனும் இரவு முகாம் போட்டு, வண்டிகளை நெருக்கமாக நிறுத்திக்கொண்டு, பெட்ரோல் கேன்களைச் சுமந்து ஊற்றி, ஷெல்களைக் கைமாற்றி உள்ளே அடுக்கி, தளர்ந்த ட்ராக்கை இறுக்கி, பீரங்கிக் குழாயைத் துடைத்து முடிக்கும்போது கிழக்கு வெளுக்க ஆரம்பித்திருக்கும். செஞ்சுரியனின் மீட்டியர் எஞ்சின், போர் விமானங்களை ஓட்டிய மெர்லின் எஞ்சினிலிருந்து பிறந்தது. பெட்ரோலைக் குடித்துத் தீர்க்கும். லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்ற கணக்கே அதற்குக் கிடையாது, கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்றுதான் பார்க்க வேண்டும். அந்த வண்டிகளைச் சியால்கோட் முனையின் ஃபில்லோராவுக்கும் சவிண்டாவுக்கும் தினமும் ஓடவைத்தவர்கள் தூக்கம் என்ற ஒன்றை மறந்தே இருந்தார்கள். போர்க்களத்தில் எதற்கு ஏங்கினீர்கள் என்று ஒரு முறை கேட்டேன். வீட்டை, அம்மாவைச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். காலை நீட்டிப் படுக்க ஓர் இடம் என்றார்.

குதிரைப்படையின் வாரிசுகள் இவர்கள் என்பதை அவர்களுடைய பதவிப் பெயர்களே சொல்லும். இந்தியக் கவசப்படையில் சாதாரண வீரர் இன்றும் சவார்தான். குதிரையில் ஏறியவர் என்று பொருள். நாம் அன்றாடம் சொல்லும் சவாரியும் அதே வேரிலிருந்து வந்தது. நீதிமன்றத்தில் நீதிபதிக்கு முன்னால் நடந்துவரும் தபேதாரின் பெயரும் குதிரைப்படைப் பதவியிலிருந்து வந்ததுதான். 1776-இல் தொடங்கிய, சென்னை ராணுவத்தின் வழிவந்த 16-ஆம் லைட் கேவல்ரி ரெஜிமென்ட்டில் தென்னாட்டவர் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்திருக்கிறார்கள். குதிரை போய் இரும்பு வந்த பிறகும் குதிரைக்காரனின் ஒரு குணம் மட்டும் இவர்களிடம் ஒட்டிக்கொண்டிருக்கிறது: வண்டிக்குத் தீனி போட்டுத் தேய்த்துவிட்ட பிறகே தாங்கள் சாப்பிட உட்காருவார்கள்.

லோடரின் கதையைக் கேட்பதற்கு அவசரமும் ஒன்று இருக்கிறது. பிறகு வந்த டி-72, டி-90 டாங்கிகளில் லோடரே கிடையாது. ஷெல்லை எந்திரம் ஏற்றுகிறது, மூன்று பேர் போதும். ஆவடியில் உருவான அர்ஜுன் டாங்கியில் மறுபடியும் நான்காவது ஆளுக்கு இடம் கிடைத்தது. எந்த ஏற்பாடு மேல் என்று நிபுணர்கள் வாதிடட்டும். எனக்கு அதில் ஒரு பக்கம் எடுக்கும் தகுதி இல்லை. ட்ராக் கழன்றால் ஒரு ஜோடிக் கை குறைவு என்று மட்டும் பெரியப்பா சொல்வார்.

முதியவர்களின் நினைவை நம்ப முடியாது, தேதி மாறும், இடம் மாறும், கேட்டது கண்டதாகிவிடும் என்று வரலாறு படித்த நண்பர் ஒருவர் என்னோடு வாதாடினார். உண்மைதான். பெரியப்பா இரண்டு நாள் சண்டையை ஒரே நாளாகச் சொல்கிறார். தேதியைப் போர் நாட்குறிப்பில் பார்த்துக்கொள்ளலாம். அங்கே இல்லாததைத்தானே இவர்களிடம் கேட்கிறோம். இருவரின் நினைவு முரண்படும்போது ஒருவர் தவறாகத்தான் சொல்ல வேண்டும் என்று நண்பர் சொன்னதையும் என்னால் ஏற்க முடியவில்லை. அதற்குக் காரணம் சென்ற ஆண்டு நடந்த ஒரு சந்திப்பு.

பெரியப்பாவின் டாங்கியை ஓட்டிய டிரைவர் வீட்டுக்கு வந்திருந்தார். கியர் மாற்றும்போதெல்லாம் இரண்டு முறை கிளட்ச் மிதிக்க வேண்டிய வண்டி அது என்று இடது காலைத் தடவிக்கொண்டே உட்கார்ந்தார். இருவருக்கும் காது மந்தம் என்பதால் பேச்சு தெருவுக்கே கேட்டது. ஒரு மாலை பின்வாங்கி வரும்போது தங்கள் சிறு குழுவான ட்ரூப்பின் இன்னொரு டாங்கி எரிந்துகொண்டிருந்ததைப் பற்றிப் பேச்சு வந்தது. அது இடப்பக்கம் நின்றது என்றார் டிரைவர். இல்லை, மூடியைத் திறந்து என் கண்ணால் பார்த்தேன், வலப்பக்கம்தான் என்றார் பெரியப்பா. பல ஆண்டுகளாகத் தீராத சண்டையாம். இருவரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு என்ன தெரியும்? சும்மா ஒரு கேள்வி கேட்டேன்: பின்வாங்கும்போது பீரங்கி எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது?

எதிரி பின்னால் அல்லவா இருந்தான். கோபுரத்தைத் திருப்பிப் பீரங்கியைப் பின்பக்கமாக நீட்டிக்கொண்டுதான் வந்தோம் என்றார் பெரியப்பா. சொல்லி முடிக்கும்போதே அவருக்கு விளங்கிவிட்டது. டிரைவரின் முகம் வண்டி போகும் திசையில். கோபுரத்தில் இருந்தவரின் முகம் வந்த திசையில். அவருக்கு இடம் எதுவோ அது இவருக்கு வலம். இருவரும் சொன்னது ஒரே டாங்கியை, ஒரே இடத்தை.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. டிரைவர் கையைத் திருப்பித் திருப்பி இடம் வலம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பெரியப்பா, விட்டுக்கொடுக்க மனம் வராதவராக, உரத்த குரலில் சொன்னார்: “இருந்தாலும் அன்னிக்கு நீ லேட்டாத்தான்டா திருப்பினே.”