தீவை மீட்டால் மீன் கிடைக்குமா?

மதுரை காளவாசலில் நடந்த கச்சத்தீவு மீட்புக் கூட்டத்தில் நடந்ததை ஆளுக்கொரு விதமாக எழுதிவிட்டீர்கள். பாதிப் பேர் கூட்டத்துக்கே வராதவர்கள். போகட்டும். 'கச்சத்தீவை மீட்டால் மீனவர் பிரச்சினை தீர்ந்தது' என்று பேச்சாளர் முழங்கியபோது, 'தீவை மீட்டால் மீன் கிடைக்குமா?' என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். அதற்குள் நான் துரோகி, கைக்கூலி. அந்தக் கூலியை யாராவது வாங்கித் தந்தால் வீட்டு வாடகைக்கு ஆகும்.

285 ஏக்கர் தீவு. குடிக்க நல்ல தண்ணீர் கிடையாது; இருப்பது அந்தோணியார் கோயில். 1974இல் நாடாளுமன்ற ஒப்புதல்கூட இல்லாமல் அதை இலங்கைக்குத் தூக்கிக் கொடுத்தது தவறு என்று நானும்தான் சொல்கிறேன். ஆனால் நம் விசைப்படகுகள் பிடிபடுவது பெரும்பாலும் அதையும் தாண்டி, இலங்கையின் நெடுந்தீவுப் பக்கம், மன்னார்ப் பக்கம். தீவு நாளையே கைக்கு வந்தாலும் அந்தக் கரை நமதாகிவிடுமா?

'மதுரைக்காரனுக்குக் கடலைப் பற்றி என்ன தெரியும்?' என்கிறார் ஒருவர். பேச்சாளர் மட்டும் தனுஷ்கோடியிலா பிறந்தார்? என் அத்தை மகன் பாம்பனில் விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். கடலடியை வழித்து இழுக்கும் இழுவைமடி வலையில் வந்த சங்காயத்தை, அதாவது சாப்பாட்டுக்கு ஆகாத பொடி மீன் கழிவை, கரையில் கொட்டிக் காயப்போட்டிருப்பதை அவரோடு நின்று பார்த்திருக்கிறேன். விரல் நீளம்கூட இல்லாத குஞ்சுகள், ஒடிந்த நண்டுக் கால்கள். எல்லாம் கோழித் தீவனத்துக்கு. நம் பக்கம் கடலடியை இப்படி வழித்துவிட்டுத்தான் அந்தப் பக்கம் போகிறோம். இலங்கை 2017இலேயே இழுவைமடியைத் தடைசெய்துவிட்டது. அங்கே வலை அறுபடுவது யாருக்கு? போர்க்காலத்தில் கடலில் இறங்கவே விடப்படாமல், 2009க்குப் பிறகு கடன்பட்டு வலை வாங்கிய யாழ்ப்பாணத் தமிழனுக்கு. மேடையில் தொப்புள்கொடி உறவு, கடலில் அவன் வலை மேலேயே மடி!

'அப்படியென்றால் கடற்படை சுடுவது சரியா?' இல்லை. அது கொலை. இதைக்கூட நான் எழுதிக் காட்ட வேண்டுமா?

'இழுவைமடியை நிறுத்தினால் கூலிக்காரன் எங்கே போவான்?' இந்தக் கேள்விதான் என்னைச் சுடுகிறது. ஆழ்கடல் மீன்பிடித் திட்டத்தில் மூன்று ஆண்டுகளில் 2000 இழுவைமடிப் படகுகளுக்குப் பதில் ஆழ்கடல் படகுகள் கொடுப்போம் என்று 2017இல் அறிவித்தார்கள். இலக்கின் பக்கத்தில்கூடப் போகவில்லை. அதைக் கேட்க ஒரு கூட்டம் போடுங்கள், முதல் வரிசையில் உட்காருகிறேன். போட மாட்டீர்கள். அதில் கைதட்டல் கிடைக்காது.

அத்தை மகன் யாழ்ப்பாணச் சிறையில் கிடந்தபோது படகு முதலாளிக்குப் படகு போன கவலை. இங்கே மேடைக்காரர்களுக்குத் தீவு போன கவலை. அத்தை மகனின் மனைவி காதுத் தோட்டை அடகு வைத்துத்தான் பிள்ளைகளுக்குச் சோறு போட்டார். அது இன்னும் அடகுக் கடையில்தான் இருக்கிறது. மீட்பதில் அவ்வளவு ஆசையுள்ளவர்கள் உள்பெட்டிக்கு வாருங்கள், ரசீதை அனுப்புகிறேன்.